காட்டைக் காக்க, சாப்பாட்டையும் பார்க்க வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம். பல்லுயிர் அழிவைத் தடுக்கக் காப்புக்காடுகளை விரிவுபடுத்தக் கோரும் தலையங்கம் படித்தேன். சரியான கோரிக்கைதான், ஆனால் அது மட்டும் போதாது. நிலப் பயன்பாட்டு மாற்றங்களைக் கணினி மாதிரிகளால் கணித்து 2020-இல் ‘நேச்சர்’ அறிவியல் இதழில் வெளியான ஆய்வும் இதைத்தான் சொல்கிறது. வனப் பாதுகாப்போடு உணவு வீணாவதையும் இறைச்சி நுகர்வையும் குறைத்தால், உணவு உற்பத்தி பாதிக்காமலேயே 2050-க்குள் பல்லுயிர்களின் சரிவை மீட்சிப் பக்கம் திருப்ப முடியும்.

எங்கள் ஊர்க் கல்யாண மண்டபத்தின் பின்புறம், முகூர்த்த நாள்களில் கைபடாத சோறு அண்டா அண்டாவாகக் கொட்டப்படுகிறது. பார்க்கவே மனம் பொறுக்கவில்லை. அதை விளைவித்த நிலமும் நீரும் எத்தனை உயிர்களிடமிருந்து எடுத்துக்கொண்டவை! மண்டபங்களுக்கு உரிமம் புதுப்பிக்கும்போது, மிஞ்சிய உணவை அன்றே பசித்தவர்களிடம் சேர்க்கும் ஏற்பாட்டை உள்ளாட்சி அமைப்புகள் கட்டாயமாக்கலாம்.

– வாசகர், கும்பகோணம்