கார்டு கேம் விதிகளை எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

உங்கள் விளையாட்டுகள் கடினமாக இருப்பதில் எங்களுக்கு எந்த வருத்தமும் இல்லை. எந்தக் கார்டை எப்போது இறக்குவது, எதிராளி கையில் என்ன வைத்திருப்பார் என்று மண்டையைப் பிய்த்துக்கொள்ளத்தானே உட்காருகிறோம். ஆனால் கார்டில் இருக்கும் வரிக்கு என்ன அர்த்தம் என்பதற்கே மண்டையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருந்தால் ஆட்டம் அங்கேயே நின்றுவிடுகிறது. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: ஒரு செயலுக்கு ஒரு சொல், அந்தச் சொல்லுக்கு எல்லாக் கார்டிலும் ஒரே பொருள்.

ஒவ்வொரு கார்டும் என்ன செய்யும் என்று அதன் மேலேயே எழுதியிருக்கும் யூ-கி-ஓ என்ற கார்டு கேமை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மான்ஸ்டர் கார்டில், இது கிரேவ்யார்டுக்கு, அதாவது ஆடி முடித்த கார்டுகளைப் போடும் குவியலுக்கு, போகும்போது இன்னதைச் செய்யலாம் என்று ஒரு எஃபெக்ட் (கார்டின் செயல்) இருக்கிறது. அதை ட்ரிப்யூட்டாக, அதாவது பலியாக, கொடுத்துவிட்டுப் பெரிய மான்ஸ்டர் ஒன்றை இறக்குகிறீர்கள். கார்டு கிரேவ்யார்டுக்குப் போய்விட்டது, கண்ணெதிரே கிடக்கிறது. சரி, எஃபெக்டைப் பயன்படுத்தலாம் என்று பார்த்தால் முடியாது என்கிறது விதி, ஏனென்றால் கடைசியாக நடந்தது அது கிரேவ்யார்டுக்குப் போனது அல்ல, புது மான்ஸ்டர் களத்தில் இறங்கியது. ஆங்கிலக் கார்டில் 'வென்' (when) என்று தொடங்கி 'யூ கேன்' (you can) என்று வரும் எஃபெக்ட் என்றால் அந்த நிகழ்வுதான் கடைசியாக நடந்திருக்க வேண்டுமாம். அதே வரி 'இஃப்' (if) என்று தொடங்கியிருந்தால் இந்தச் சிக்கலே கிடையாது. இதற்கு 'மிஸ்ஸிங் த டைமிங்' (நேரத்தைத் தவறவிடுவது) என்று தனிப்பெயரே இருக்கிறது. புதிதாக ஆட வருகிற ஒருவர் எத்தனை முறை வாசித்தாலும் அந்த இரண்டு சொற்களுக்கு நடுவே இவ்வளவு பெரிய விதி ஒளிந்திருப்பது அவருக்குத் தெரிய வாய்ப்பே இல்லை.

இத்தனைக்கும் தெளிவாக எழுதுவது எப்படி என்று காட்டியதும் அதே விளையாட்டுதான். 2011-ல் கார்டு எழுதும் முறையையே மாற்றினார்கள். முக்காற்புள்ளிக்கு முன்னால் இருப்பது எஃபெக்டை எப்போது தொடங்கலாம் என்ற நிபந்தனை. அரைப்புள்ளிக்கு முன்னால் இருப்பது தொடங்கும்போதே கொடுக்க வேண்டிய விலை, அல்லது குறிவைக்க வேண்டிய கார்டு. அதற்குப் பின்னால் வருவதுதான் நடக்கப்போகிற எஃபெக்ட். எதிராளி எஃபெக்டைத் தடுத்துவிட்டால் விலையாகக் கொடுத்த கார்டு திரும்பி வருமா என்று முன்பெல்லாம் மணிக்கணக்கில் சண்டை நடக்கும், இன்று அந்த அரைப்புள்ளியைக் காட்டினால் போதும், பேச்சு முடிந்தது. எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் இது. 'வென்' விவகாரத்தையும் அதே கையோடு முடித்திருக்கலாம்.

மேஜிக்: த கேதரிங் என்ற இன்னொரு கார்டு கேம் 1993-ல் வந்தது. அதில் 'ஆட்டத்திலிருந்து நீக்கப்பட்டது' என்று சொல்லப்பட்ட கார்டுகள் சில அதே ஆட்டத்துக்குள் திரும்பி வந்துகொண்டிருந்தன. 2009-ல் அப்படி நீக்கிய கார்டுகள் போய்ச் சேரும் இடத்துக்கு 'எக்ஸைல்' (நாடுகடத்தல்) என்று தனிப்பெயர் வைத்தார்கள். 2011-ல், ஒரு க்ரியேச்சர் (உயிரினக் கார்டு) களத்திலிருந்து கிரேவ்யார்டுக்குப் போவது என்று நீட்டி எழுதியிருந்ததை 'டைஸ்' (dies, சாகிறது) என்று ஒரே சொல்லாகச் சுருக்கினார்கள். க்ரியேச்சரை நீங்களே சாக்ரிஃபைஸ் செய்தாலும், அதாவது பலி கொடுத்தாலும், அது செத்ததுதான், களத்தில் இறக்காமல் கையிலிருந்தே டிஸ்கார்டு செய்தால் (கழித்துப் போட்டால்) சாகவில்லை. முதல் ஆட்டத்திலேயே யாருக்கும் புரிந்துவிடும். பழைய ஆட்டக்காரர்கள் முணுமுணுப்பார்கள் என்று பயந்து விட்டுவிடாதீர்கள், முணுமுணுப்பு அடங்கிவிடும், குழப்பமான வரி அச்சில் அப்படியே இருக்கும்.

பெரிய விளையாட்டுகளுக்கு இதையெல்லாம் சரிசெய்ய ஆள் இருக்கிறது. சின்ன விளையாட்டுகளில்தான் நிலைமை மோசம். 'அடுத்த டர்ன் வரை பாதுகாப்பு' என்று எழுதிவிடுகிறீர்கள். யாருடைய டர்ன்? அது தொடங்கும் வரையா, முடியும் வரையா? நான்கு பேர் ஆடும்போது ஒருவர் கணக்கில் அந்தப் பாதுகாப்பு அடுத்தவர் கார்டு எடுப்பதற்குள் போய்விடும், இன்னொருவர் கணக்கில் மூன்று பேரும் ஆடி முடிக்கும் வரை நிற்கும். 'ஒரு ஆட்டக்காரர்' என்றால் அதில் நானும் சேர்த்தியா என்பதும் இதே ரகம்.

கேட்டால், விளக்கம் பிறகு வெளியிட்டிருக்கிறோமே என்கிறீர்கள். மேஜையில் எங்கள் கையில் இருப்பது கார்டு மட்டும்தான். ஒருவர் போனை எடுத்து விளக்கத்தைத் தேட, மற்றவர்கள் காத்திருக்க, அவர் கண்டுபிடித்த பதில் பழைய பதிப்புக்கானதாக இருந்தால் சண்டை மறுபடியும் முதலிலிருந்து.

அதனால் ரூல் புக்கின் கடைசிப் பக்கத்தில் ஒரு சொற்பட்டியல் போடுங்கள். வரியைத் திருத்தினால் பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெளியிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சுக்குப் போவதற்கு முன் ஒவ்வொரு கார்டையும் அந்த விளையாட்டை ஆடியே பார்க்காத இரண்டு பேரிடம், நீங்கள் வாயே திறக்காமல், தனித்தனியாகக் கொடுத்து இது என்ன செய்யும் என்று கேளுங்கள். இரண்டு பேரும் வேறு வேறு பதில் சொன்னால் அவர்களுக்கு விளக்கிக்கொண்டு இருக்காதீர்கள், வரியை மாற்றுங்கள்.

அன்புடன்,
உங்கள் விளையாட்டுகளை ஆடும் ஒருவர்