டயலாக் இல்லாத படத்துக்கும் கொஞ்சம் இடம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம், உங்க சினிமா பக்கத்துல எப்பப் பார்த்தாலும் வசூல் கணக்குதான், நடுவுல இத்தாலி டைரக்டர் மிக்கேலாஞ்சலோ ஃப்ரம்மார்ட்டினோ 2010ல எடுத்த 'லே க்வாத்ரோ வோல்தே' மாதிரி படங்களப் பத்தியும் எழுதலாமே சார்.

தெற்கு இத்தாலியில இருக்குற கலாப்ரியாங்கிற பகுதியில ஒரு மலை கிராமத்துல ஆடு மேய்க்கிற தாத்தா ஒருத்தர், இருமலுக்கு சர்ச்ல பெருக்குன தூசியத் தண்ணியில கலந்து குடிக்கிறாரு (நம்மூர் விபூதிய நெனச்சுக்கோங்க), அவர் செத்ததும் ஒரு ஆட்டுக்குட்டி பொறக்குது, அது வழிதவறி ஒரு பெரிய மரத்தடியில ஒதுங்குது, அப்புறம் அந்த மரத்த ஊர்த் திருவிழாவுக்கு வெட்டி கடைசியில கரியாக்கிடுறாங்க. அவ்ளோதான் கதை. சப்டைட்டிலே தேவையில்ல. நாய் ஒண்ணு வண்டிச் சக்கரத்துக்கு முட்டுக்குடுத்த கல்ல எடுத்துடுது, வண்டி உருண்டு போய் பட்டிய உடைக்குது, கட்டே இல்லாம ஒரே ஷாட், நம்ம தியேட்டரா இருந்தா விசில் பறக்கும்!

மனுஷன், ஆடு, மரம், கரி எல்லாத்துக்கும் ஒரே மரியாதை குடுக்குது கேமரா, அதான் எனக்குப் புடிச்சது. ஸ்லோதான், நடுவுல எனக்கே கொட்டாவி வந்துச்சு. பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்கு 2022ல ராம்சார் அந்தஸ்து (உலக அளவுல முக்கியமான ஈரநிலம்ங்கிற அங்கீகாரம்) கெடச்சுது, அதப் பத்தி எழுதுற பக்கத்துலயே இந்த மாதிரி ஒரு படத்தையும் பசங்களுக்கு அறிமுகப்படுத்துங்க சார்.

- ஒரு வாசகர், வேளச்சேரி, சென்னை