உன் ஆர்மோனியப் பெட்டி

அன்புள்ள ஐயாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். கர்த்தருடைய கிருபையால் அப்பாவும் நானும் நல்ல சுகம். போனில் பேசும்போதெல்லாம் சொல்லத்தான் நினைக்கிறேன். நீ சாப்பிட்டாயா என்று கேட்பதற்குள் நேரம் போய்விடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். உன் ஆர்மோனியப் பெட்டியை, உன்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், ஒரு பிள்ளைக்குக் கொடுத்துவிட்டேன்.

இந்த மே மாதம் நம் கோயிலில் பத்து நாள் பாட்டும் கைவேலையுமாக ஒரு முகாம் நடந்தது. பாளையங்கோட்டையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் 14 பேர் வந்தார்கள். எல்லாம் காலேஜ் பிள்ளைகள். அவர்களைக் கூட்டி வந்த அக்கா மட்டும் பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர். யாருக்கும் சம்பளம் கிடையாது, பஸ் காசும் அவரவர் கைக்காசு. ராத்திரி தொடக்கப்பள்ளித் தரையில் பாய் விரித்துப் படுத்தார்கள். சமையல் எங்கள் பெண்கள் ஐக்கியச் சங்கம். சோறு, புளிக்குழம்பு, சாயங்காலம் கருப்பட்டிக் காப்பி. அந்தப் பிள்ளைகள் தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போவார்கள்.

முன்பு ஒரு வருடம் வேறு சிலர் வந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். பெரிய ஸ்பீக்கர், கலர் விளக்கு, ஆளுக்கொரு பென்சில் டப்பா. பிள்ளைகள் கைதட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்கள். மறுவாரம் ஒரு பாட்டுகூட யார் வாயிலும் இல்லை. எனக்கு அப்போதே மனது வலித்தது. இவர்கள் அப்படியில்லை. முதல் நாளே பிள்ளைகள் கையில் வாத்தியத்தைக் கொடுத்துவிட்டார்கள்.

வில்லுப்பாட்டுக்கு மூங்கிலை வளைத்து வில் கட்டினார்கள். குடம் நம் வீட்டுத் தண்ணீர்ப் பானைதான். குடத்தை அடிக்கப் பழைய சைக்கிள் டயரை வெட்டிக் கொடுத்தான் ஒரு பையன். இயேசு சொன்ன காணாமற்போன ஆட்டின் கதையை எடுத்தார்கள். நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஆட்டைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டுமா? செம்மண் தேரிக்காட்டில் ஆடு எந்தப் பக்கம் போகும், முள்ளில் மாட்டினால் எப்படிக் கத்தும் என்று அவர்களே பாட்டில் சேர்த்தார்கள். ஆடு மேய்க்கும் வீட்டுப் பையன் ஒருவன் ஆடாகவே கத்திக் காட்டினான். கேட்டுக்கொண்டிருந்த என் கண் நிறைந்துவிட்டது.

பட வகுப்பில் மெஞ்ஞானபுரம் கோயிலை வரையச் சொன்னார்கள். 192 அடிக் கோபுரம் ஆயிற்றே, ஒரு சின்னப் பையனுக்குத் தாள் போதவில்லை. இன்னொரு தாளை மேலே ஒட்டி வரைந்து முடித்தான். ஓலை வேலைக்குக் கீழத்தெருவில் பனையேறுகிற தாத்தாவைக் கூப்பிட்டார்கள். அவர் குருத்தோலை வெட்டிக் கொண்டுவந்து கிளியும் பெட்டியும் முடையக் காட்டினார். பட்டணத்துப் பிள்ளைகள் அவர் காலடியில் உட்கார்ந்து படித்தார்கள். ஓலைப் பட்டையில் பதநீர் ஊற்றிக் கொடுத்தார், பிடிக்கத் தெரியாமல் சட்டையெல்லாம் நனைந்தது.

அந்தத் தாத்தாவின் பேத்திதான் நான் சொல்ல வந்த பிள்ளை. ஏழாவது போகப் போகிறாள். அவர்கள் வீடு கோயிலுக்கு வருகிற வீடு இல்லை. ‘எம் பேத்தியும் பாடலாமா’ என்று அவர் வந்து கேட்டார். அக்கா அந்தக் கேள்வியை முடிக்கவே விடவில்லை, உடனே பிள்ளையின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் உட்காரவைத்தாள்.

வாத்தியம் போதாது என்றதும் பரணிலிருந்து உன் பெட்டியை அப்பாவை இறக்கச் சொன்னேன். துருத்தி நன்றாக இருந்தது. நடுவில் ஒரு கட்டை மட்டும் ஊமை. ஒரு தம்பி மேல்பலகையைக் கழற்றி, ரீடுக்கு அடியில் மெல்லிய தாளை நுழைத்து மெதுவாக இழுத்தான். தாளோடு தேரி மணல் வந்தது, நாலைந்து சிவப்புத் துகள்கள்தான். அதற்குள் கட்டை பாட ஆரம்பித்துவிட்டது. நீ ஜன்னலோரம் வைத்து வாசித்த காலத்தில், ஆடிக் காற்றில் போன மணலாக இருக்கும் ஐயா.

பாட்டுப் புத்தகத்தில் ஒவ்வொரு கீர்த்தனைக்கும் மேலே ராகம், தாளம் போட்டிருக்கிறதை அக்கா காட்டினாள். 1774-ல் நம் திருநெல்வேலியில் பிறந்து, கீர்த்தனைகள் பல எழுதிய வேதநாயகம் சாஸ்திரியாரைப் பற்றிச் சொன்னாள். இந்தப் பாட்டெல்லாம் வெள்ளைக்காரர் செய்தது என்றே பாதிப் பிள்ளைகள் நினைத்திருந்தார்கள். சங்கராபரண ராகத்தை ஸரிகம என்று ஒரு தடவை, கொயரில் நீ படித்த டோ ரே மீ என்று ஒரு தடவை பாடவைத்தாள். இரண்டுக்கும் அதே கட்டைகள்தான் என்று தெரிந்தபோது அந்தப் பிள்ளை வாயைத் திறந்தபடி என்னைப் பார்த்தாள். அப்புறம் அவள் பெட்டியைவிட்டு எழுந்திருக்கவே இல்லை. மதியம் மற்றவர்கள் தூங்கும்போது, சத்தம் வந்துவிடக்கூடாதே என்று துருத்தியைத் தொடாமல் வெறும் விரலை மட்டும் ஓட்டிக்கொண்டிருந்தாள். சின்ன விரல், எட்டாத இடத்துக்கு எம்பி எம்பிப் போனது.

கடைசி நாள் அவர்கள் வேன் ஏறிப் போனதும் அவள் பெட்டியைத் துடைத்து, துணி போர்த்தி, என் வாசலில் கொண்டுவந்து வைத்தாள். என்னால் உள்ளே எடுத்து வைக்க முடியவில்லை. ‘கொண்டு போ’ என்று சொல்லிவிட்டேன். உனக்கு வருத்தம் இருந்தால் என்னிடம் சொல், அவளிடம் கேட்காதே.

வந்தவர்கள் செய்தது பெரிய காரியம். ஆனால் பத்து நாளில் மூன்று பாட்டுத்தான் கையில் ஏறும். மீதியை யார் சொல்லிக்கொடுப்பது? இங்கே யாருக்கும் வாசிக்கத் தெரியாது, உனக்குத் தெரியும். அவளிடம் போன் இல்லை, என் போன் இருக்கிறது. சனிக்கிழமை உனக்கு லீவுதானே? சாயங்காலம் ஐந்து மணிக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நம் திண்ணைக்கு வரச் சொல்லியிருக்கிறேன். துபாயில் அப்போது மூன்றரை. வீடியோவில் கூப்பிடு ஐயா.

அன்புடன்,
அம்மா