மூக்குக்குக் கால் வைத்த மொழி

காசல், ஜெர்மனி

எலே முருகேசா,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. அம்மாவுக்கு மூட்டுவலி குறைந்து, திரும்பவும் கோயிலுக்கு நடந்தே போகிறார்கள் என்று படித்ததில் மனசுக்கு நிம்மதி.

இங்கே எல்லாரும் சுகம். தொல்லை என்றால் வாஷ்பேர்தான். ரக்கூன் என்கிற பிராணியை இவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், 'கழுவும் கரடி' என்று. இரையைத் தண்ணீரில் அலசுகிற வழக்கம் அதற்கு உண்டு. 1934இல் பக்கத்து எடர்ஸே ஏரிக்கரையில் இரண்டு ஜோடியைக் கொண்டுவந்து விட்டார்கள். இன்றைக்கு ஊர் முழுக்க அதுகளின் ராஜ்யம். குப்பைத் தொட்டி மூடி மேல் கல்லைத் தூக்கி வைத்திருக்கிறேன். அதையும் தள்ளிவிடுகிறது.

தேன்மொழி நர்ஸ் வேலைக்காக ஜெர்மன் படிக்கிறாள், 'டெர், டீ, டாஸ்' என்று தூக்கத்திலும் புலம்புகிறாள் என்று எழுதியிருந்தாய். பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஆண், பெண், அஃறிணை என்று பால் காட்ட ஒட்டுகிற அந்த மூன்றையும் பற்றி ரொம்பக் கவலைப்பட வேண்டாம் என்று சொல். பிழையாகச் சொன்னாலும் ஊசி சரியாகத்தான் ஏறும். அவளுக்குக் கொஞ்சம் சிரிப்புக் காட்டலாம் என்று நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய 'நீளமான ஜெர்மன் சொற்கள்' பட்டியலையும் பார்த்தேன். அதில் முதலில் நிற்கிற 63 எழுத்துப் பூதம், மாட்டிறைச்சிக்கு முத்திரை ஒட்டுவதைக் கண்காணிக்கும் வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்று மெக்லன்பூர்க்-ஃபோர்பொமர்ன் மாநிலம் 1999இல் போட்ட சட்டத்தின் பெயர். 2013இல் ரத்தும் செய்துவிட்டார்கள். இந்த மாதிரிப் பட்டியல்களில் எனக்கு ருசி இல்லை. தெருவில் எவனும் பேசாத சொல்லை வைத்து என்ன சிரிப்பு? நிஜமான கூத்து ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, அவள் நேராக அங்கேதான் வரப்போகிறாள்.

ஆஸ்பத்திரிக்கே பெயர் க்ராங்கன்ஹவுஸ், நோயாளிகள் வீடு. ஆம்புலன்ஸ் நோயாளி வண்டி. பல் ஈறு 'பல்லிறைச்சி'. தோள்பட்டைக்கு முன்னால் இருக்கிற காறை எலும்பு 'சாவிக்கால்', மூக்கெலும்பு 'மூக்குக்கால்'. மூக்குக்கு எங்கேயடா கால் என்று நானும் குழம்பியிருக்கிறேன். 'பைன்' என்ற சொல்லுக்கு இன்றைக்குக் கால் என்று பொருள், முன்காலத்தில் எலும்பு. பேச்சில் பழைய பொருள் செத்துப்போனாலும் உடம்புக்குள் மட்டும் ஒளிந்து உட்கார்ந்திருக்கிறது. யானைத் தந்தத்துக்கும் கடைசியில் இதே 'பைன்'தான்.

இதையெல்லாம் தோண்டியெடுத்து எழுதிவைத்த க்ரிம் சகோதரர்கள் வெகுகாலம் இந்த ஊரில் இருந்தவர்கள். உலகத்துக்கு அவர்கள் தேவதைக் கதைக்காரர்கள், எனக்கு அகராதிக்காரர்கள். 1838இல் தொடங்கினார்கள். மூத்தவர் யாக்கோப் 1863இல் இறந்தபோது 'எஃப்' எழுத்தில், பழம் என்று பொருள்படும் 'ஃப்ருஹ்ட்' என்ற சொல்லில் நின்றிருந்தார். மற்றவர்கள் தொடர்ந்து முடித்தது 1961இல். நம் ஊரில் பாலம் கட்டுகிற காண்டிராக்டரே தேவலை.

போன குளிர்காலத்தில் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருந்தபோது இடுப்பு சடக்கென்று பிடித்து, குனிந்தவன் நிமிரவில்லை. டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு 'ஹெக்ஸன்ஷுஸ்' என்றார், முகத்தில் துளி சிரிப்பு இல்லாமல். சூனியக்காரி சுட்டுவிட்டாளாம்! கண்ணுக்குத் தெரியாத அம்பை சூனியக்காரி எய்வதாக அந்தக் காலத்தில் நம்பியிருக்கிறார்கள். நம்பிக்கை போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது. நம் பாட்டிகள் 'வாயு பிடிச்சிருக்கு' என்று முடித்திருப்பார்கள். அதிகமாக வேலை செய்த மறுநாள் உடம்பு வலித்தால் அது 'தசைக் கடுவன் பூனை'. குடித்த மறுநாள் தலைவலிக்கும் இதே கடுவன்தான், ஜெர்மனில் 'காட்டர்'. சளிக்கான கட்டார் என்ற சொல்லை மாணவர்கள் விளையாட்டாகப் பூனையாக்கிவிட்டார்கள் என்கிறார்கள்.

காலில் வருமே ஆணி, அது இவர்களுக்குக் 'கோழிக்கண்'. கண்கட்டி 'வாற்கோதுமை மணி'. புல்லரித்தால் 'வாத்துத் தோல்'. வயிற்றுப்போக்குக்கு டுர்ஷ்ஃபால், ஊடே விழுவது. தேர்வில் தோற்பதற்கும் இதே சொல்லிலிருந்துதான் வினை. தேன்மொழிக்கு இரண்டும் வராமல் இருக்கட்டும்.

அவள் முதல் வாரத்திலேயே சந்திக்கப்போகிற ஒன்று உண்டு. வயதானவர் ஒருவர் கட்டிலில் சாய்ந்துகொண்டு, 'எனக்கு க்ரைஸ்லவ்ஃப்' என்பார். 'எனக்கு ரத்த ஓட்டம்' என்று அர்த்தம். ஓட்டம் இருந்தால் நல்லதுதானே என்று இவள் திரும்பிப் போய்விடக்கூடாது. தலை கிறுகிறுக்கிறது, கண் இருட்டுகிறது என்று சொல்கிறார். உடனே பிரஷர் பார்க்க வேண்டும். அதே மனுஷர் அடுத்த நிமிஷம் 'இழுக்கிறது' என்பார். வலிப்பு இல்லை, ஜன்னல் இடுக்கில் காற்று வருகிறது. கழுத்து பிடித்துக்கொள்ளும் என்று இவர்களுக்கு அந்தச் சின்னக் காற்றைக் கண்டால் அத்தனை பயம். ஆனால் உறைபனியிலும் ஜன்னலை விரியத் திறந்துவைத்து அறைக்குக் காற்று மாற்றுவதும் இவர்கள்தான். இந்தக் கணக்கு எனக்கு இதுவரை பிடிபடவில்லை.

இரவு டியூட்டி முடித்த நர்ஸ் 'ஈறால் நடக்கிறேன்' என்று சொன்னால் அடித்துப்போட்ட களைப்பு. யாராவது முறைத்துக்கொண்டிருந்தால் 'உன் கல்லீரல் மேல் என்ன பேன் ஊர்ந்தது?' என்று கேட்பார்கள். செத்துப்போனவர் 'கரண்டியை ஒப்படைத்துவிட்டார்', இல்லாவிட்டால் 'முள்ளங்கியைக் கீழேயிருந்து பார்க்கிறார்'. இதை நோயாளியின் சொந்தக்காரர் முன்னால் சொல்லிவிட வேண்டாம். நாம் 'மண்டையைப் போட்டுட்டான்' என்பதை எங்கே சொல்வோம், எங்கே வாயை மூடுவோம், அந்தக் கணக்குதான். தேர்வுக்கு முன்னால் யாராவது அவளிடம் 'கழுத்தும் காலும் முறியட்டும்' என்றால் சாபம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது வாழ்த்து.

சிரிப்பை விட்டு ஒரு விஷயம் கட்டாயம் சொல். டியூட்டி 'ஹால்ப் ஸீபன்' என்றால் நேராகப் பார்த்தால் 'அரை ஏழு'. நம் காது ஏழரை என்று கேட்கும். அது ஆறரை, ஏழை நோக்கிப் பாதி தூரம். இதில் ஏமாந்தால் முழுசாக ஒரு மணி நேரம் லேட். லேட் இங்கே சிரிக்கிற விஷயமே இல்லை.

2020இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அவள் வேலைக்குச் சான்றிதழில் வேறு பெயர், ப்ஃப்ளேகெஃபாஹ்ஃப்ரவ். வாய் கொள்ளாது. வார்டில் பெரியவர்கள் இன்னும் 'ஷ்வெஸ்டர்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அக்கா தங்கைக்கும் அதே சொல். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் 'சிஸ்டர், சிஸ்டர்' என்று கேட்டுப் பழகிய பிள்ளைக்கு அது ஒட்டிக்கொள்ளும்.

விமானம் ஏறும் தேதி தெரிந்ததும் எழுது. ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கு நானே போய்க் கூட்டிவருகிறேன். அங்கிருந்து இங்கே ரயிலில் ஒன்றரை மணி நேரம்தான். பெட்டியில் இடம் இருந்தால் அம்மா இடித்த சுக்குப்பொடி கொஞ்சம் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
சங்கரன்