புதியவர்களுக்கு போக்கர் சொல்லித்தரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

ஒரு சென்ட், இரண்டு சென்ட் பிளைண்ட் (சீட்டு வரும் முன்பே வைக்க வேண்டிய கட்டாயப் பந்தயம்) மேசையில் உட்காரப் போகிறவருக்கு நீங்கள் எடுத்த எடுப்பில் சொல்வது இதுதான்: "எதிராளி ஸ்டாக்கை (மேசையில் வைத்திருக்கும் காசை) பார். கம்மியா இருந்தா ஃபிஷ் (சுலபமா தோற்கிறவர்), நிறைய இருந்தா ஒதுங்கிப் போ." முதல் பாதி அரைகுறை. இரண்டாம் பாதி காசைக் கரைக்கும். (இந்தியாவில் இணையத்தில் காசு வைத்து ஆடுவதை 2025ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்துவிட்டது. அனுமதி உள்ள நாடுகளில் ஆடுபவர்களுக்காகத்தான் இது.)

இந்த மேசைகளில் பெரும்பாலும் 100 பிக் பிளைண்ட் (இரண்டில் பெரியதான இரண்டு சென்ட் பிளைண்டைப் போல நூறு மடங்கு), அதாவது இரண்டு டாலர் வரை எடுத்து உட்காரலாம். எந்தச் சீட்டு வந்தாலும் ஆல்-இன் போகிற (மொத்த ஸ்டாக்கையும் பந்தயம் வைக்கிற) ஒருவர், தன் அளவே வைத்திருப்பவர்களிடம் அடுத்தடுத்து இரண்டு தடவை ஜெயித்தால் அவரிடம் 400 பிக் பிளைண்ட் சேர்ந்துவிடும். வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று வைத்துக்கொண்டால் நாலு பேரில் ஒருவருக்கு இது நடக்கும். மற்ற மூன்று பேர் காசை விட்டுவிட்டு எழுந்து போயிருப்பார்கள், உங்கள் மாணவர் கண்ணில் படமாட்டார்கள். மிஞ்சிய அந்த ஒருவரைப் பெரிய ஆட்டக்காரர் என்று நினைத்துத்தான் உங்கள் மாணவர் நல்ல சீட்டை ஃபோல்ட் செய்கிறார் (கைவிட்டு விலகுகிறார்).

சின்ன ஸ்டாக்கும் அப்படித்தான். 2000ஆம் ஆண்டு உலகப் போக்கர் தொடர் சாம்பியன் கிறிஸ் ஃபெர்குசன், சைபரில் தொடங்கி 10,000 டாலர் சேர்க்கிறேன் என்று இணையத்தில் ஒரு சவால் எடுத்தார். மொத்தக் கையிருப்பில் 5 சதவீதத்துக்கு மேல் எடுத்து உட்காரக் கூடாது. மேசையில் இருப்பது 10 சதவீதத்தைத் தாண்டினால், பிளைண்ட் தன்னிடம் வரும்போது எழுந்துவிட வேண்டும். தனக்குத்தானே அவர் போட்டுக்கொண்ட விதிகள் இவை. இந்த விதிகளால் அவர் சின்ன ஸ்டாக்கோடு உட்கார்ந்தால், உங்கள் கணக்கில் அவரும் ஃபிஷ்தானே?

சரி, ஸ்டாக்கில் ஒன்றுமே தெரியாதா? தெரியும், ஆனால் அது திறமை இல்லை, பழக்கம். சரியாக 40 வைத்து உட்காருபவர் யோசித்து வந்தவராக இருக்கலாம். 100இல் தொடங்கி 63க்கு இறங்கியும் டாப்-அப் செய்யாமல் (குறைந்ததை நிரப்பாமல்) ஆடுபவர் பொழுதுபோக்குக்காரராக இருக்க வாய்ப்பு அதிகம். எப்போதும் 100 காட்டுகிறவர் ஆட்டோ டாப்-அப் பெட்டியில் ஒரு டிக் போட்டிருக்கிறார், அவ்வளவுதான். யார் எத்தனை கையில் (ஆட்டச் சுற்றில்) நுழைகிறார்கள், ரெய்ஸ் செய்யாமல் (பந்தயத்தை ஏற்றாமல்) வெறும் கால் போட்டு (அதே தொகையை வைத்து) வருகிறார்களா, கடைசியில் என்ன சீட்டைக் காட்டுகிறார்கள் என்று இருபது முப்பது கை பார்த்தாலே இதைவிடக் கூடுதலாகத் தெரியும்.

ஸ்டாக்கைப் பார்க்கச் சொல்ல வேண்டிய இடம் வேறு. உங்கள் மாணவரிடம் 2-2 ஜோடி இருக்கிறது, எதிராளி 3 பிளைண்டுக்கு ரெய்ஸ் செய்கிறார். ஃபிளாப்பில் (முதலில் திறக்கும் மூன்று பொதுச் சீட்டுகளில்) மூன்றாவது 2 விழுவது எட்டு ஒன்பது தடவைக்கு ஒன்று, விழுந்தாலும் எதிராளி எப்போதும் முழுசாகக் கொடுத்துவிடப் போவதில்லை. எதிராளியிடம் 100 இருந்தால் மீதி 97ஐக் குறிவைத்து கால் செய்யலாம். 40தான் என்றால் மீதி 37, கணக்கு கட்டாது. இங்கே அவர் கெட்டிக்காரரா இல்லையா என்ற கேள்வியே வரவில்லை. அடுத்த வகுப்பை இந்த 2-2இல் தொடங்குங்களேன்.

அன்புடன்,
ஒரு சின்ன மேசைக்காரன்