பொன் தளத்தில் காலம் பார்ப்பது

அன்புள்ள சிவா,

ஏப்ரல் கடைசியில் டோக்கியோ போகிறாயாமே, நல்ல சமயம். நெசு அருங்காட்சியகத்தில் பழைய ஜப்பானிய ஓவியர் ஒகதா கோரின் ஐரிஸ் பூக்களை வரைந்த மடிப்புத் திரைகளை வழக்கமாக அந்த வாரங்களில்தான் வைப்பார்கள். தோட்டத்துக் குளத்திலும் அதே பூ மலர்ந்திருக்கும்.

வானமும் மண்ணும் இல்லாத வெறும் தங்கப் பின்னணியில் பருவகாலம் எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தாய். செடியை வைத்துத்தான். ஜோடித் திரையை வலமிருந்து இடமாகப் பார்க்க வேண்டும். நான்கு பருவமும் வரைந்த ஜோடியில் பெரும்பாலும் வலத்திரை வசந்தமும் கோடையும், இடத்திரை இலையுதிர்காலமும் பனியும். கோரின் ஒரே பூவோடு நிறுத்திக்கொண்டார். அது ஈரநிலத்தில் வளரும் ககித்சுபாதா என்ற ஐரிஸ் வகை. அது வந்தால் கோடை தொடங்குகிறது என்று பொருள். தண்ணீரை அவர் வரையவே இல்லை. கொத்துகளை உற்றுப் பார், சில அப்படியே திரும்ப வருகின்றன. வெட்டுத்தாள் வைத்து எடுத்த உருவங்கள்.

பூவின் நீலம் அசுரைட் கல்பொடி, இலையின் பச்சை மலக்கைட். பொடி பருமனாக இருந்தால் நிறம் ஆழம், அரைக்க அரைக்க வெளிறும். பருமனான பொடி கிண்ணத்தின் அடியில் படியும் என்பதால் விரலால் கலக்கிக்கொண்டே தீட்ட வேண்டும். பசை நிகாவா, விலங்குத் தோலில் காய்ச்சியது. 100 மில்லி தண்ணீருக்குச் சுமார் 10 கிராம் போட்டு ஓரிரவு ஊறவைத்து, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துக் கரைப்பார்கள். கொதிக்கவிட்டால் ஒட்டும் வலு போய்விடும். பசை கூடினால் வண்ணம் வெடித்துச் செதில் செதிலாக எழும்பும், குறைந்தால் தொட்டாலே உதிரும். சரியாகத் தீட்டிய பச்சைக்கும் ஒரு வினை உண்டு: அதிலுள்ள செம்பு வருடக்கணக்கில் அடித்தாளை அரிக்கும்.

எனக்கு கோரினைவிட, அவருக்குப் பின்வந்த ஓவியர் சகாய் ஹோயித்சு ஒரு படி மேல். 1821 வாக்கில், கோரின் வரைந்த காற்றுத் தேவன், இடித் தேவன் திரைகளின் பின்பக்கத்தில் புல்பூண்டுகளை வரைந்தார். இடித் தேவனுக்குப் பின்னால் மழையில் நனைந்து சாய்ந்த கோடைச் செடிகள். காற்றுத் தேவனுக்குப் பின்னால் இலையுதிர்காலம். சுசுகிப் புல் வளைகிறது, குட்சு கொடியின் இலை புரண்டு வெளிறிய அடிப்பக்கம் தெரிகிறது, சிவந்த கொடியிலை பறக்கிறது. முன்பக்கம் தங்கம், பின்பக்கம் வெள்ளி ரேக்கு. வெள்ளி காற்றிலுள்ள கந்தகத்தால் கறுக்கும், அதனால் இன்றைய சாம்பல் நிறத்தை அப்படியே ஹோயித்சுவின் எண்ணமாக எடுத்துக்கொள்ளாதே. இப்போது இரு பக்கங்களையும் பிரித்துத் தனித்தனித் திரைகளாக்கிவிட்டார்கள்.

அவை உவேனோவில் உள்ள டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கின்றன, ஆனால் எப்போதும் காட்சியில் இருக்காது, முன்கூட்டியே பார்த்துக்கொள். எந்தத் திரையானாலும் நேரெதிரே மட்டும் நின்றுவிடாதே. வலக்கோடியிலிருந்து மெல்ல நட. மடிப்பின் உட்பக்கத்தில் ஒளிந்திருந்த செடிகள் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

அன்புடன்,
ரகு