நரேலாவிலிருந்து வரும் பிள்ளைகள்

புது டெல்லி,
28 செப்டம்பர் 2025

அன்புள்ள நண்பா,

நலம்தானே? உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. அரையாண்டுத் தேர்வு, விடைத்தாள் திருத்தம், மதிப்பெண் ஏற்றம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்ததில் உட்கார்ந்து எழுத முடியவில்லை. உனக்குக் காலாண்டு விடுமுறை தொடங்கியிருக்கும். எங்களுக்கு தசராவை ஒட்டி மூன்றே நாள். அந்த மூன்று நாளிலும் பக்கத்து மைதானத்து ராம்லீலா ஒலிபெருக்கி தூங்கவிடப் போவதில்லை.

பள்ளியைப் பற்றி விரிவாக எழுது என்று கேட்டிருந்தாய். நல்ல சமயம் பார்த்துக் கேட்டாய். இந்தப் பருவத்தில் பிள்ளைகள் செய்த சாதனைகளைத் தொகுத்துத் தரும் வேலையை முதல்வர் அம்மா என்னிடம்தான் கொடுத்திருக்கிறார். தமிழ் வாத்தியாருக்கு வேலை குறைவு என்ற நம்பிக்கை உங்கள் ஊரில் மட்டுமா இருக்கிறது?

பட்டியல் ஒன்றும் மோசமில்லை. ஓவியப் போட்டியில் இரண்டு பரிசு. அறிவியல் கண்காட்சியில் ஒரு ஆறுதல் பரிசு. பிள்ளையைவிட அவன் அப்பா அதிகம் உழைத்த மாடல் அது, விடு. குறள் ஒப்புவித்தலில் முதல் பரிசு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு. அப்பா அம்மா இருவரும் பீகார்க்காரர்கள். வீட்டில் தமிழ் ஒரு சொல் கிடையாது. ஆனால் ழகரம் நம் பிள்ளைகளைவிடச் சுத்தமாக வருகிறது. நம் பிள்ளைகளோ என்னை ‘சார்ஜி’ என்று கூப்பிடுகிறார்கள், தங்களுக்குள் சண்டை போடுவதெல்லாம் இந்தியில்தான்.

அப்புறம் கோ-கோ. ஜனவரியில் இங்கே இந்திரா காந்தி உள்விளையாட்டரங்கில் முதல் கோ-கோ உலகக் கோப்பை நடந்ததே, இறுதி ஆட்டத்தில் நம் ஆண்கள், பெண்கள் இரு அணிகளும் நேபாளத்தை ஜெயித்தார்களே, அதிலிருந்து எங்கள் பெண்களுக்கு வெறி பிடித்துவிட்டது. மண்டலப் போட்டியில் அரையிறுதி வரை போய்த் தோற்றார்கள். பட்டியலில் இது ஒரு வரி. எனக்கு இதில்தான் எழுத நிறைய இருக்கிறது.

அந்த அணியின் நல்ல ஓட்டக்காரி ஒருத்தி பத்தாம் வகுப்பு, என் வகுப்புதான். மதராசி கேம்ப்பில் இருந்த பிள்ளை. இங்கே ஜங்புராவில் பாராபுல்லா வாய்க்காலை ஒட்டி இருந்த அந்தத் தமிழர் குடிசைப் பகுதியைப் பற்றி நீ செய்தியில் படித்திருப்பாய். விழுப்புரம், கள்ளக்குறிச்சிப் பக்கத்திலிருந்து வந்து, சுற்றுவட்டார வீடுகளில் வேலை பார்த்துக் குடும்பம் நடத்தியவர்கள். வாய்க்காலைத் தூர்வார இடம் வேண்டும் என்று உயர் நீதிமன்ற உத்தரவின்படி ஜூன் 1ஆம் தேதி சுமார் 370 வீடுகளை இடித்தார்கள். அதில் 189 குடும்பங்களுக்கு நரேலாவில் மாற்று வீடு. மற்றவர்களுக்கு அதுவும் இல்லை. நரேலா என்றால் டெல்லியின் வடக்குக் கோடி, ஹரியானாவைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. எங்கள் பள்ளியிலிருந்து 40 கிலோமீட்டர் பக்கம் வரும்.

ஜூலையில் பள்ளி திறந்தபோது டி.சி. வாங்க வரிசையாக வருவார்கள் என்று நினைத்தோம். சிலர் வாங்கிக்கொண்டு ஊருக்கே போய்விட்டார்கள். ஆனால் நாங்கள் எதிர்பார்த்ததைவிட அதிகம் பேர் வந்து வகுப்பில் உட்கார்ந்தார்கள். தமிழ் சொல்லித்தரும் பள்ளி அந்தப் பக்கம் இல்லை என்பது ஒரு காரணம். பத்தாம் வகுப்பில் பள்ளி மாற்றுவது வம்பு என்பது இன்னொன்று. அம்மாக்கள் பலருக்கு வேலை இன்னும் ஜங்புரா, போகல் பக்கமே என்பதால் காலையில் அம்மாவும் பிள்ளையும் ஒன்றாகக் கிளம்பிவிடுகிறார்கள்.

விடியுமுன் எழுந்து, நரேலாவிலிருந்து பஸ்ஸில் சமய்பூர் பாத்லி. அங்கிருந்து மஞ்சள் லைன் மெட்ரோவில் ஜோர் பாக். பிறகு நடை. பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, பிங்க் டிக்கெட் என்று இலவசமாகக் கொடுத்துவிடுவார்கள். மெட்ரோவில் மாணவர் சலுகை என்று ஒன்றே கிடையாது. ஆகஸ்ட் 25 முதல் கட்டணத்தையும் ஏற்றிவிட்டார்கள். அதனால் சில பிள்ளைகள் பஸ்ஸிலேயே முழுத் தூரமும் வந்து முதல் பீரியடைக் கோட்டைவிடுகிறார்கள்.

நான் சொன்ன ஓட்டக்காரியும் இப்படி நரேலாவிலிருந்துதான் வருகிறாள். பள்ளி விட்ட பிறகு கோ-கோ பயிற்சிக்கு நிற்க அவளால் முடியாது. நின்றால் வீடு போய்ச் சேர ராத்திரியாகிவிடும். எங்கள் பி.டி. சார் கோபக்காரர், உனக்குத் தெரியும், போன தடவை நீ வந்தபோதே உன்னோடு மல்லுக்கு நின்றாரே. அவர் யாரிடமும் பேசாமல் மொத்த அணியின் பயிற்சியையும் மதிய இடைவேளைக்கு மாற்றிவிட்டார். செப்டம்பர் வெயிலில் சாப்பிட்ட கையோடு ஓடினார்கள். தோற்றதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அணியில் ஒருத்திகூட முணுமுணுக்கவில்லை. இதைப் பட்டியலில் எந்தக் கட்டத்தில் எழுதுவது, சொல்.

இன்னொன்று கேள். அரையாண்டுத் தமிழ்த் தாளில் வழக்கமான கேள்வி ஒன்று வைத்தேன்: உங்கள் பகுதிக்குப் பேருந்து வசதி வேண்டி விண்ணப்பக் கடிதம் எழுதுக. நாமும் எழுதியதுதானே. பிள்ளைகள் வழிகாட்டிப் புத்தகத்தில் உள்ள ஏதோ ஒரு கிராமத்துக்குப் பஸ் கேட்டிருந்தார்கள். இந்த ஓட்டக்காரி மட்டும் நரேலாவுக்குக் கேட்டிருந்தாள். காலை எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும், எந்தெந்த இடத்தில் நிற்க வேண்டும், வேலைக்குப் போகும் பெண்கள் எத்தனை பேர் ஏறுவார்கள், இப்போது போகும் பஸ் எங்கே நிற்காமல் போய்விடுகிறது என்று எல்லாம் இருந்தது. ‘கருணை கூர்ந்து’, ‘தாழ்மையுடன்’ எதுவும் இல்லை. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுத்த தாளை எடுக்கவில்லை. ஆனால் ‘பொருள்’ என்ற வரியை விட்டிருந்தாள், அரை மதிப்பெண் குறைத்தேன். பொதுத்தேர்வில் திருத்துபவர் விடமாட்டார். விடைத்தாளைக் கொடுத்தபோது அந்த அரை மதிப்பெண்ணுக்காக என்னிடம் வாதாடிப் பார்த்தாள்.

என் கவலை எல்லாம் வருகைப்பதிவுதான். 75 சதவீதம் இல்லாவிட்டால் பொதுத்தேர்வு எழுத முடியாது என்று சி.பி.எஸ்.இ. இந்த மாதமும் நினைவூட்டியிருக்கிறது. வரும் ஆண்டிலிருந்து பத்தாம் வகுப்புக்கு இரண்டு தேர்வு. முதல் தேர்வு கட்டாயம். அது பிப்ரவரி 17 அன்று தொடங்கும் என்று உத்தேச அட்டவணை வந்துவிட்டது. மேயில் மூன்று பாடம் வரை மதிப்பெண்ணைக் கூட்டிக்கொள்ள மறுபடி எழுதலாம். பெற்றோர் கூட்டத்தில் எல்லோரும் இதையேதான் கேட்டார்கள். நரேலாப் பெற்றோர் பலர் வரவில்லை. வந்தால் அன்றைய கூலி போய்விடும். நானே போனில் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

இந்தப் பிள்ளைகளை ஆண்டு விழாவில் மேடைக்கு அழைத்து ஒரு பரிசு கொடுக்கலாம் என்று ஆசிரியர் கூட்டத்தில் ஒரு யோசனை வந்தது. எனக்கு உடன்பாடில்லை. வீடு போனதற்கு யாராவது கேடயம் கொடுப்பார்களா? அதற்குப் பதில் முதல் பீரியடில் கணக்கு, அறிவியல் வைக்காமல் அட்டவணையை மாற்றுங்கள் என்றேன். விளையாட்டும் நூலகமும் காலையில் வரட்டும். கணக்கு டீச்சருக்குக் கொஞ்சம் வருத்தம். கடைசி பீரியடில் பிள்ளைகள் தூங்கிவிழுவார்கள் என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். கடைசி பீரியடுக்குத் தமிழை எடுத்துக்கொள்கிறேன், மதியத்துக்கு முன்னால் இருக்கும் என் பீரியடைக் கணக்குக்கு விட்டுத்தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். விடுமுறை முடிந்ததும் முடிவாகும்.

சரி, உன் சமாச்சாரம் எழுது. பேத்தி நடக்க ஆரம்பித்துவிட்டாளா? முழங்கால் வலிக்கு அந்த எண்ணெயையே தடவிக்கொண்டு இருக்காதே, டாக்டரைப் பார். உன் பள்ளி நூலகத்தில் கழித்துக்கட்டிய கதைப் புத்தகங்கள் இருந்தால் ஒரு பார்சல் போடு. மெட்ரோவில் நின்றுகொண்டே படிக்கிற மாதிரி மெல்லிசாக இருக்கட்டும். தடித்தடி நாவல் வேண்டாம். பார்சல் செலவை நான் அனுப்பிவிடுகிறேன். முகவரி பழையதுதான், மாடி மட்டும் மாறியிருக்கிறது. இப்போது இரண்டாம் மாடி.

அன்புடன்,
உன் பழைய அறைத்தோழன்